எங்கள் டிராக்டரை நாங்களே பார்த்துக் கொள்கிறோம்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியது)



சித்திரையில் நடந்த கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "உங்க டிராக்டர் நின்னு போச்சாமே, இனி அந்தக் கடனை எப்படிம்மா கட்டுவீங்க?" என்று கேட்டார்கள். அன்றைக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்றைக்கு வண்டி ஓடுகிறது, தவணையும் கட்டுகிறோம். நடுவில் என்ன நடந்தது, அதில் எங்கள் தவறு எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வந்திருக்கிறோம். பழைய டிராக்டர் வாங்கலாமா என்று யோசிக்கிற குழுக்களும் இங்கே இருக்கின்றன. நாங்கள் பட்டதை நீங்களும் பட வேண்டாம்.

எங்களுடையது 18 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர் சின்ன டிராக்டர். 2023இல் பக்கத்து ஊர் விவசாயியிடம் பழைய வண்டியாக வாங்கினோம். குழுச் சேமிப்பில் கொஞ்சம், வங்கிக் கடன் மீதி. தென்னந்தோப்புக்குள்ளே போகும், சின்னக் கழனியில் திரும்பும், டீசலும் குறைவு. எங்களில் இரண்டு பேர் லைசென்ஸ் எடுத்து ஓட்டுகிறார்கள். ஓட்டத்தான் கற்றுக்கொண்டோமே தவிர பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை. "அதெல்லாம் ஆம்பளைங்க வேலை" என்று யாரும் எங்களைத் தடுக்கவில்லை. நாங்களே அப்படி நினைத்துக்கொண்டோம்.

புயலுக்குப் பிறகு வந்த கஷ்டம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் என்ன மழை பெய்தது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் கொட்டகைத் தகரம் பறந்துபோய், வண்டி நாலு நாள் மழையில் நனைந்தது. அப்புறம் துடைத்து ஸ்டார்ட் பண்ணினோம், ஓடியது. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தோம்.

மார்கழியில் மல்லாட்டை விதைப்புக்கு உழவு ஓட்டும்போது வரப்போரம் வந்து லிவரைத் தூக்கினால் கலப்பை மேலே வரவில்லை. கலப்பை ஏறாவிட்டால் டிராக்டர் எப்படித் திரும்பும்? ஈரம் காய்கிறது, விதைக்கிற ஆட்கள் கரையில் காத்திருக்கிறார்கள். வாடகை சம்பாதிக்க வேண்டிய நாங்கள், வேறு ஒருவர் டிராக்டருக்கு வாடகை கொடுத்து உழுதோம்.

மெக்கானிக் வந்தார். லிஃப்டைப் பார்த்தார். "பம்பு போச்சு, மாத்தணும்" என்றார். மூன்று மாதத் தவணைக்கான பணத்தை அந்தப் பம்புக்குக் கொடுத்தோம். இறக்கின ஆயிலையே வடிகட்டித் திரும்ப ஊற்றினார். ஆயில் செலவு மிச்சம் என்று நாங்களும் தலையாட்டினோம்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பங்குனியில் மறுபடி அதே கதை. லிஃப்ட் மெதுவாக ஏறுகிறது, ஏறும்போது 'ஊ' என்று ஊளை மாதிரி சத்தம், ஏறினது தானாக இறங்குகிறது. மறுபடியும் பம்பு என்றார்கள். இந்த முறை கொடுக்கப் பணம் இல்லை. வண்டியை ஓரம் கட்டினோம். அந்த நேரத்தில்தான் சித்திரைக் கூட்டம் நடந்தது.

எங்கள் குழுவில் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் சும்மா பார்க்க வந்தவர் ஹைட்ராலிக் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, மோர் மாதிரி இருக்கு? எண்ணெயில தண்ணி கலந்திருக்கு" என்றார். எங்களில் ஒருவரும் அதுவரை அந்தக் கம்பியை உருவிப் பார்த்ததில்லை.

தண்ணி எப்படிப் போனது என்று தேடினோம். கியர் ராடு அடியில் ஒரு ரப்பர் உறை இருக்கும். எங்கள் வண்டியில் அது நான்கு பக்கமும் வெடித்துக் கிழிந்திருந்தது, மேலே மண் படிந்து மூடியிருந்ததால் தெரியவில்லை. புயல் மழை அந்த வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அது மட்டுமா? வண்டியைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று வாரா வாரம் போர் மோட்டார் போட்டு, குழாயைப் பிடித்து அதே இடத்தில் தண்ணியைப் பீய்ச்சி அடித்தது நாங்கள்தான்! அந்த ரப்பர் உறை ஒரு சேலை விலைகூட வராது.

பக்கத்து டவுனில் வயதான மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தோம். "ஆயில் முழுக்க இறக்கணும், நாங்க பக்கத்திலே நின்னு பார்ப்போம்" என்று சொன்னோம். அடியில் இருக்கிற வடிகால் போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் தண்ணிதான் வந்தது, அப்புறம் மோர் நிறத்தில் ஆயில் வந்தது. உள்ளே இருந்த வலை ஃபில்டரில் களிம்பு மாதிரி கசடும் துருவும் அப்பியிருந்தது. அதைக் கழுவி, புது ஆயில் ஊற்றி, இரண்டு நாள் ஓட்டி, மீதித் தண்ணி வெளியேற மறுபடியும் ஆயிலை இறக்கி மாற்றினோம். இரண்டாவது தடவை நாங்களே செய்தோம். கலப்பை ஏறியது, ஏறினது அப்படியே நின்றது. மார்கழியில் கழற்றின பழைய பம்பு உண்மையிலேயே போயிருந்ததா என்று இன்று வரைக்கும் எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அதைக் கேட்டு வாங்கி வைக்கவில்லை.

லிஃப்ட் எப்படித் தூக்குகிறது?

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற சிரிஞ்ச் தெரியும் அல்லவா? ஒரு சின்ன சிரிஞ்ச், ஒரு பெரிய சிரிஞ்ச், நடுவில் ஒரு டியூப், உள்ளே முழுக்க எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னதை அழுத்தினால் பெரியது மேலே ஏறும். தூரம் குறைவாக ஏறும், ஆனால் அதிக எடையைத் தூக்கும். டிராக்டரில் பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, வால்வு வழிவிடுகிறது, சிலிண்டருக்குள் இருக்கிற பிஸ்டன் நகர்ந்து லிஃப்ட் கைகளைத் தூக்குகிறது. அவ்வளவுதான் ஹைட்ராலிக்.

அந்தச் சிரிஞ்சுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் என்ன ஆகும்? அழுத்தினால் குமிழி சுருங்குமே தவிர எடை ஏறாது. தண்ணி இருந்தால் உள்ளே துருப் பிடிக்கும், வழவழப்புப் போய் பம்பு தேயும். தூசி இருந்தால் வால்வு சிக்கும், ஓ ரிங்கு கீறும். பழைய சின்ன டிராக்டர்கள் பலவற்றில் கியர் பாக்ஸுக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில்தான். கியருக்குள் போன தண்ணி லிஃப்டையும் கெடுப்பது இதனால்தான். உங்கள் வண்டியில் இரண்டும் ஒன்றா, தனித்தனியா, என்ன ரக ஆயில், எத்தனை லிட்டர் என்பதைக் கையேட்டில் பார்த்து எழுதி வையுங்கள். கையேடு இல்லாவிட்டால் அந்தக் கம்பெனி டீலரிடம் கேளுங்கள். கையில் இருக்கிறதே என்று எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றாதீர்கள்.

ஒரு விஷயத்தைப் பழுது என்று நினைத்துப் பயப்படவும் கூடாது. முற்காலத்தில் கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுப்பார்கள். கல்லிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிக் கவிழ்ந்துவிடும். அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் என்பவர் மூன்று கைகளில் கலப்பையை மாட்டி, ஹைட்ராலிக்கால் கட்டுப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். 1939இல் வந்த ஃபோர்டு-ஃபெர்குசன் டிராக்டரால் அது பரவியது. இரண்டு லிவர் உள்ள வண்டிகளில் ஒன்று உயரத்தைப் பிடித்து வைக்கும், இன்னொன்று மண்ணின் இழுவைக்குத் தகுந்தபடி கலப்பையைத் தானே ஏற்றி இறக்கும். இரண்டாவது லிவரில் ஓட்டும்போது கட்டாந்தரையில் கலப்பை ஏறி இறங்கினால் அது பழுது இல்லை. ரோட்டவேட்டருக்கு முதல் லிவரைத்தான் பயன்படுத்த வேண்டும். சில சின்ன வண்டிகளில் உயர லிவர் மட்டுமே இருக்கும்.

தினமும் பத்து நிமிடம்

இப்போது சாவி போடும் முன் நாங்கள் செய்வது இதுதான்.

1. இரவு வண்டி நிற்கும் இடத்தில் பழைய அட்டைப் பெட்டியை விரித்து வைக்கிறோம். காலையில் அதில் என்ன சொட்டியிருக்கிறது என்று பார்க்கிறோம். கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில், பழுப்பாக வழவழப்பாக இருந்தால் கியர் அல்லது ஹைட்ராலிக் ஆயில். டீசல் வாசனையிலேயே தெரிந்துவிடும்.

2. எஞ்சின் ஆயில் அளவுக் கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்கிறோம்.

3. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் தண்ணி பார்க்கிறோம்.

4. ஹைட்ராலிக் ஆயில் பார்க்க, வண்டி சமதரையில் இருக்க வேண்டும், லிஃப்ட் முழுக்கக் கீழே இறங்கியிருக்க வேண்டும், எஞ்சின் நின்றிருக்க வேண்டும். லிஃப்ட் மேலே இருக்கும்போது பார்த்தால் கொஞ்சம் ஆயில் சிலிண்டருக்குள் இருக்கும், அளவு குறைவாகக் காட்டும். அளவோடு நிறத்தையும் பார்க்க வேண்டும். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணி. நுரை பொங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ஆயில் குறைந்திருக்கிறது. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் ஆயில் சூடாகிக் கெட்டுவிட்டது.

5. டயர் காற்று, சக்கர நட்டு, லிஃப்ட் கைகளில் இருக்கிற பின்கள்.

மல்லாட்டைக் காட்டில் தூசி பறக்கும் நாளில் ஏர் கிளீனரையும் பார்ப்போம். பழைய வண்டிகளில் அடியில் ஆயில் கிண்ணம் இருக்கும். அதில் சேறு சேர்ந்திருந்தால் கழுவி, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வருகிற வரைக்கும் கிரீஸ் கன் அடிக்கிறோம். சேற்றுழவு ஓட்டினால் அன்றைக்கே அடித்துவிடுவோம். கழுவும்போது கியர் ராடு, ஆயில் மூடி, டைனமோ, ஏர் கிளீனர் பக்கம் தண்ணி பீய்ச்சுவது இல்லை. ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

சந்தேகம் வந்தால் இன்னொரு சோதனை செய்கிறோம். ஒரு பழைய இரும்புத் தகட்டை வெளியில் வைத்துச் சூடாக்கி, தள்ளி நின்று, ஒரே ஒரு சொட்டு ஆயில் விடுவோம். தாளிப்பு மாதிரி சடசடவென்று பொரிந்தால் உள்ளே தண்ணி இருக்கிறது. சமையல் தோசைக்கல்லில் இதைச் செய்யாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மாதம் ஒரு தடவை கலப்பையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு குச்சியை நட்டு சாக்பீஸால் கலப்பை உயரத்தைக் குறிக்கிறோம். பத்து நிமிடம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுகிறோம். மாதத்துக்கு மாதம் அதிகமாக இறங்கினால் சிலிண்டர் ஓ ரிங்கோ வால்வோ தேய்கிறது. சீசன் தொடங்கும் முன்பே மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடலாம்.

என்ன அறிகுறி, எதை முதலில் பார்ப்பது?

லிஃப்ட் ஏறவே இல்லையா? முதலில் ஆயில் அளவு, பிறகு லிவர் இணைப்புக் கம்பி கழன்றிருக்கிறதா, பிறகு ஃபில்டர். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பம்பைப் பற்றிப் பேச வேண்டும். மெதுவாக ஏறி, ஊளைச் சத்தம் வந்தால் பம்புக்கு ஆயில் கிடைக்கவில்லை: ஃபில்டர் அடைப்பு, ஆயில் குறைவு, அல்லது உறிஞ்சும் குழாயில் காற்று. நன்றாக ஏறி, எஞ்சினை நிறுத்தியதும் சீக்கிரம் இறங்கினால் உள்கசிவு. வெறும் லிஃப்ட் ஏறுகிறது, கலப்பை மாட்டினால் ஏறவில்லை என்றால் பம்பு தேய்ந்திருக்கலாம், வால்வு அழுத்தம் குறைந்திருக்கலாம், அல்லது நம் சின்ன வண்டிக்கு அந்தக் கலப்பை அதிக எடையாக இருக்கலாம். பெரிய டிராக்டர் கலப்பையை இரவல் வாங்கி மாட்டாதீர்கள்.

உயிர் முக்கியம்

சகோதரிகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். தூக்கி நிற்கிற கலப்பைக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. ஆயில் பிடித்து வைத்திருக்கிற எடை அது, ஒரு ஓ ரிங்கு விட்டால் கீழே வந்துவிடும். அடியில் வேலை என்றால் தடித்த மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஹாலோ பிளாக் கல் திடீரென்று நொறுங்கும், அதை வைக்கவே கூடாது. வேலை முடிந்ததும் கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் சாவியை எடுக்க வேண்டும்.

ஹைட்ராலிக் குழாயில் ஊசித்துளை கசிவு இருந்தால் கையால் தடவித் தேடாதீர்கள். அழுத்தத்தில் வருகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தவறி உடம்பில் ஏறிவிட்டால், ஊசி குத்தின அளவு காயம்தானே என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும்.

ரோட்டவேட்டரைச் சுற்றுகிற பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். நொடிக்கு ஒன்பது சுற்று! முந்தானை மாட்டினால் "ஐயோ" என்று சொல்லக்கூட நேரம் கிடைக்காது. நாங்கள் சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டு, முந்தானையை உள்ளே சொருகி, கொண்டை போட்டுக்கொண்டுதான் வண்டிப் பக்கம் போகிறோம். தண்டின் மேல்மூடி இல்லாமல் ஓட்டுவதில்லை. சூடான ரேடியேட்டர் மூடியையும் திறப்பதில்லை.

மெக்கானிக்கிடம் விட வேண்டியது

எல்லாவற்றையும் நாமே பிரித்துவிடலாம் என்று சொல்லவில்லை. பம்பு, வால்வு, சிலிண்டர், டீசல் பம்பு இவற்றைப் பிரிக்க மெக்கானிக் வேண்டும். "வாசர் வச்சு அழுத்தத்தைக் கூட்டினா நல்லாத் தூக்கும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், குழாய் வெடிக்கும். ஆனால் மெக்கானிக் வரும்போது நம் கையில் நோட்டு இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது ஆயில் மாற்றியது, எப்போதிலிருந்து சத்தம் என்று தேதியோடு சொன்னால் அவருக்கும் வேலை சுலபம். "ஏன் போச்சு?" என்று கேளுங்கள். கழற்றின பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். இது சந்தேகப்படுவது ஆகாது, குழுக் கணக்குக்கு ரசீது வாங்குவது போலத்தான்.

வாடகை வருகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தொகையைத் தனியாகப் பராமரிப்பு நிதி என்று எடுத்து வைக்கிறோம். முதலிலேயே இதைச் செய்திருந்தால் பங்குனியில் வண்டியை ஓரம் கட்டியிருக்க மாட்டோம். இறக்கின பழைய ஆயிலை மண்ணிலோ கால்வாயிலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுக்கிறோம்.

கூட்டமைப்புக்கு இரண்டு கோரிக்கைகள். நல்ல ஸ்பேனர் செட், கிரீஸ் கன், ஜாக்கி ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்தால் எல்லாக் குழுவும் பயன்படுத்தலாம். வேளாண்மைப் பொறியியல் துறையிடமும் நம் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திடமும் பெண்களுக்கென்று டிராக்டர் பராமரிப்புப் பயிற்சி கேட்டு மனு கொடுக்க வேண்டும். ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கேயும் விசாரிக்கலாம்.

சித்திரையில் கேள்வி கேட்ட அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா, நீங்கள் கேட்டது எங்களுக்கு வலித்தது. ஆனால் அந்த வலியில்தான் கம்பியை உருவிப் பார்க்கப் பழகினோம். பாலில் தண்ணி கலந்தால் நமக்குத் தெரிகிறது. அதே கண்ணால் ஆயிலையும் பார்த்தால் போதும். பழைய வண்டி வாங்கப் போகிற குழுக்கள், விலை பேசும் முன் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள், கியர் ராடு ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். கூப்பிட்டால் நாங்களும் கூட வருகிறோம்.